எலி நம்பாத கல்

ஒரு கிழட்டு நண்டு எனக்குச் சொன்ன கதை இது. பல வருடங்களாக இதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

நடுக்கடலில் ஒரு தீவு. அதில் ஓர் எரிமலை. வெகுகாலமாகப் புகையாமல் கிடந்தது. அடிவாரத்தில், கறுப்புப் பாறைக்குள் நீளமான ஒரு குகை. அதன் வாசலில் மழைநீர் தேங்கிய ஒரு குழி. அந்தக் குகைக்குள் ஓர் எலி நான்கு குட்டிகள் போட்டிருந்தது. குட்டிகளுக்கு இன்னும் கண் திறக்கவில்லை.

ஒரு நாள் காலை மலை உறுமியது. கரையிலிருந்த நண்டு குகைக்கு ஓடி வந்தது.

"எலியம்மா, உடனே கிளம்பு! இந்தக் குகை வழியாகத்தான் நெருப்பு வரும்!"

"பாறைக்குள் நெருப்பு எப்படி வரும் அண்ணே?"

"கூரையைப் பார். மெழுகு வடிந்த மாதிரி கல் தொங்குகிறதே! அந்தக் காலத்தில் இந்தப் பாறை உருகி ஆறாக ஓடியது. மேலே இருந்தது இறுகிவிட்டது, உள்ளே இருந்தது வடிந்து போய்விட்டது. அப்படி உண்டானதுதான் உன் வீடு!"

எலி கண்ணைச் சுருக்கியது. "கல் ஆறாக ஓடியதாம்! சரி, எங்கே போக? சுற்றிலும் கடல்."

"கரையில் சாம்பல் நிறக் கல் கிடக்கிறது. உடம்பெல்லாம் ஓட்டை. அதுவும் எரிமலை கக்கியதுதான். குட்டிகளோடு அதில் ஏறிக்கொள். மிதக்கும்!"

எலி சிரித்தே விட்டது. "ஓடுகிற கல் போய் இப்போது மிதக்கிற கல்லா! நாங்கள் காலி செய்ததும் நீ குடிவரலாம், அதுதானே? இல்லை, என் குட்டிகளைத் தண்ணீரில் தள்ளித் தின்னப் பார்க்கிறாயா?"

நண்டுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இந்த வயதில் என்னைப் பொய்யன் என்கிறாயா? நான் சொன்னால் போதாதா? இனி உன் பாடு!"

வாசல் குழியைத் தாண்டி விறுவிறுவென்று கரைக்குப் போனது. ஒரு கல்லின் மேல் ஏறியது. அலை அதை இழுத்துக்கொண்டு போனது. கல் மிதந்தது.

மதியத்துக்குள் நெருப்புக் குழம்பு குகையை நிரப்பிவிட்டது.

"சந்தேகப்பட்டே செத்தாள், பாவம்!" என்றுதான் நண்டு எப்போதும் கதையை முடிக்கும். கேட்டவர்கள் எல்லாரும் எலியைத் திட்டினார்கள். நானும் திட்டினேன். கல் மிதப்பதைப் பிறகு நானே கண்ணால் பார்த்தேன். ஆனாலும் தப்பு எலியுடையதுதானா என்ற சந்தேகம் போகவில்லை. எலியின் இடத்தில் இருந்திருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேனே!

நம்ப முடியாத உண்மையைச் சொல்பவன் கோபித்துக்கொண்டு போகக் கூடாது. அதைக் கண்முன் காட்ட வேண்டும்.

போன வாரம் நண்டிடம் கேட்டே விட்டேன்: "ஒரு சின்னக் கல்லைக் கொண்டுவந்து அந்த வாசல் குழியில் போட்டுக் காட்டியிருந்தால் போதுமே, ஏன் காட்டவில்லை?"