பதினான்கு நொடிச் சிரிப்பு

அன்று காலை ஆறேகாலுக்குக் கரூர்ப் பூங்காவில் வட்டமாக நின்றவர்கள் எட்டுப் பேர்: சிரிப்புச் சங்கத் தலைவர் சிவக்கொழுந்து, தபால் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்ற மகுடபதி, தையல் டீச்சர் விசாலம், மருந்துக்கடை சவரிராயன், ஒரே மாதிரித் தொப்பி போடும் அண்ணன் தம்பி இருவர், அண்ணனின் மனைவி, கடைசியாகத் திலகவதி.

திலகவதியின் கணவர் இறந்து அன்றைக்கு ஒன்பதாம் நாள். நாலு சுவருக்குள்ளேயே கிடந்தால் ரத்த அழுத்தம் ஏறும் என்று சொல்லி, விசாலம்தான் வீட்டுக்குப் போய் அவளைக் கையைப் பிடித்து அழைத்து வந்திருந்தாள்.

சங்கத்தில் ஒரு விதி. தலைவர் விரல் விட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவார். மூன்று என்றதும் எல்லோரும் வாய்விட்டுச் சிரிக்க வேண்டும். காரணம் வேண்டியதில்லை, அது மூச்சுப் பயிற்சி. ஓரமாக நிற்கிறேன் என்றாள் திலகவதி. விதியில் கறாரான சிவக்கொழுந்து ஒப்பவில்லை. எண்ணினார். அவளும் சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் போய், அழுகையாகி, அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

மகுடபதி வழக்கம்போல் இதையெல்லாம் செல்போனில் எடுத்து, சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். ஒரு நிமிடம் பத்து நொடி. எண்ணியதும் அதில் இருந்தது, அழுததும் இருந்தது. விசாலம் முன்னும் பின்னும் வெட்டிச் சிரிப்பை மட்டும் பதினான்கு நொடியாக்கினாள். சுற்றிலும் ரோஜாப்பூ வைத்து, "எங்கள் திலகா மீண்டுவிட்டாள்" என்று ஸ்டேட்டஸ் போட்டாள். மத்தியானத்துக்குள் எவனோ ரோஜாவை எடுத்துவிட்டு, "புருஷன் செத்து ஒன்பது நாள், பொண்டாட்டியின் சந்தோஷத்தைப் பாரீர்" என்று எழுதிவிட்டான்.

மீன் கழுவிய தண்ணீருக்கு ஈ வருவது போல வந்தார்கள். இரண்டு நாளில் மூன்று லட்சம் பேர். கீழே அவர்கள் எழுதியிருந்ததைச் சிவக்கொழுந்து பதினோரு வரி படித்தார். பிறகு குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கைகளைக் கழுவினார்.

திலகவதியின் கொழுந்தன் அத்தியப்பன் முசிறியிலிருந்து சொல்லி அனுப்பினார்: பதினாறாம் நாள் காரியத்துக்கு எங்கள் ஆள் ஒருவரும் அந்த வாசலை மிதிக்க மாட்டார்கள். கணவரின் சொந்தம் அன்றைக்கு வந்து ஒரு பந்தி சாப்பிட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை கிடையாது. முழு வீடியோவையும் காட்டினால் வந்துவிடுவார்கள் என்றார் மகுடபதி. அவள் மறுத்தாள்.

"வேண்டாம்ணே. சிரிச்சதைத்தான் ஊரே பார்த்தாச்சு. அழுததாவது என்னோட இருக்கட்டும். முழுசை யாருக்கும் காட்டாதீங்க."

சிவக்கொழுந்து, மகுடபதி, சவரிராயன் மூவரும் தலையாட்டினார்கள்.

சவரிராயனுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. முழுசைத்தானே காட்டக் கூடாது? அந்தப் பதினான்கு நொடியையே நாற்பத்துமூன்று குழுக்களுக்கு அனுப்பி, "மனசாட்சி உள்ளவர்கள் இதைப் பகிராதீர்கள்" என்று அடியில் எழுதினார். பார்க்காமல் விட்டிருந்தவர்களும் பார்த்தார்கள்.

சிவக்கொழுந்து பஸ் ஏறி முசிறிக்குப் போனார். எண்ணியது நான், சிரிக்க வைத்ததும் நான் என்று நின்றபடியே சொன்னார். அத்தியப்பன் உட்காரச் சொல்லவில்லை.

"வாயால சொன்னா எப்படிங்க? வீடியோ இருக்கா?"

போன் சட்டைப்பையில்தான் இருந்தது. "இருக்கு. காட்ட மாட்டேன்."

"அப்பக் கிளம்புங்க."

அவர் வெறுங்கையோடு திரும்பியதைக் கேட்டு மகுடபதிக்குப் பொறுக்கவில்லை. வாக்கை மீறி, முழு வீடியோவையும் பொதுவில் போட்டார். அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்தார்கள். அவர்களில் அத்தியப்பன் வீட்டு ஆட்கள் நாலு பேர் மனம் மாறிக் காரியத்துக்கு வந்தார்கள். வேறொருவன் அவள் மண்ணில் விழுந்து அழுததை மட்டும் வெட்டி, "மாட்டிக்கொண்டதும் நடிப்பு" என்று போட்டான். அது ஒரு லட்சத்தைத் தாண்டியது.

திலகவதிக்கு நல்லது செய்யத்தான் மூவரும் புறப்பட்டார்கள். சவரிராயன் கொடுத்த சொல்லில் ஓர் எழுத்தும் குறையாமல் நடந்தார். மகுடபதி சொல்லை மீறி நாலு பேரைக் கொண்டுவந்தார். சிவக்கொழுந்து சொல்லைக் காத்தார், ஒருவரையும் கொண்டுவரவில்லை. இவர்களில் யார் செய்தது சரி?

விடை: சிவக்கொழுந்து. சவரிராயன் சாக்கடையை மிதிக்காதீர்கள் என்று சொல்லி, அதையே வாளியில் மொண்டு வீடு வீடாக ஊற்றினார். மகுடபதி கொண்டுவந்த நாலு பேருக்கு விலையாகக் கொடுத்தது அவருடைய பொருள் அல்ல, அவளுடைய அழுகை. அதைக் கொடுக்கவும் மறுக்கவும் அவள் ஒருத்திக்கே உரிமை. ஆனால் சரி செய்தவர் என்ற பெயரைச் சிவக்கொழுந்து ஏற்கவில்லை. ஓரமாக நிற்கிறேன் என்று அவள் சொன்னபோதே கேட்டிருக்க வேண்டும் என்றார். காரியத்துக்கு அறுபது இலை வாங்கியிருந்தார்கள். விரித்தது பத்தொன்பது. மீதி நாற்பத்தொன்று.