உள்ளே விட்ட துணி

"நம்பிக்கை போயிருச்சு தாயி," என்றார் ஆவுடையப்பன்.

"எப்போ?" என்று கேட்டாள் மெய்யம்மை.

ஆவுடையப்பன் திருதிருவென்று விழித்தார். ஏன் போச்சு என்று கேட்டிருந்தால் ஒரு பாட்டம் புலம்பித் தீர்த்திருப்பார். அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தார். எப்போ என்று கேட்டால் மனுஷன் என்ன சொல்வது?

அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. சங்கரன்கோவில்காரர். ஸ்வீடனில் கோத்தன்பர்க் என்ற ஊரில் ஒன்பது வருஷமாகத் தையல்கடை வைத்திருக்கிறார்.

மெய்யம்மை அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். அதே ஊரில் டிராம் ஓட்டுகிறாள். காவியும் கிடையாது, கமண்டலமும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமையானால் அவள் வீட்டு அடுக்களையில் யாராவது வந்து உட்கார்ந்து மனசில் கிடப்பதைக் கொட்டுவார்கள். அவள் கேட்பாள். எப்போதாவது ஒன்றிரண்டு வார்த்தை சொல்வாள். எழுந்து போகும்போது பாரம் குறைந்த மாதிரி இருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை. தையல்காரர் என்பதால் ஆவுடையப்பனை ஊரே 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடும். அவர் குருவாக நினைத்த மெய்யம்மையும் அப்படித்தான் கூப்பிட்டாள்.

"சொல்லுங்க மாஸ்டர். எப்போ போச்சு?"

"என்ன தாயி கேள்வி இது? பர்ஸா தொலைஞ்சிருக்கு, எப்போ போச்சுன்னு சொல்ல?"

"கடைசியா எப்போ பார்த்தோம்னு தெரிஞ்சாத்தானே தேட முடியும்?"

"தேட நேரமில்ல தாயி. நாளைக்குள்ள முடிவு சொல்லணும். இன்னும் ஒரு வருஷம் கடையை வெச்சுக்கிறீங்களா, சாவியைத் தர்றீங்களான்னு கட்டட ஓனர் கேட்டிருக்கார். சாவியைக் குடுத்துரலாம்னு இருக்கேன்."

கடையில் சும்மா உட்கார்ந்து ஈ ஓட்டலாமென்றால் அந்தக் குளிரில் ஈகூடக் கிடையாது. கையில் இருப்பது ஒரே ஒரு வேலை, ஏழு வயசுப் பிள்ளைக்கு ஒரு பட்டுப்பாவாடை. அதுவும் வெட்டாமல் கிடந்தது. கடை போனால் இந்த வயசுக்கு மேல் யார் கடையில் போய்ப் பட்டனுக்குக் காஜா எடுத்துப் பிழைப்பது?

மெய்யம்மை எழுந்து உள்ளே போனாள். இரண்டு ரவிக்கைகளோடு வந்தாள். ஒன்று நீலம், ஒன்று சிவப்பு.

"டிராம்ல உட்கார்ந்து உட்கார்ந்து உடம்பு போட்டுருச்சு மாஸ்டர். நீங்க தைச்சதுதான், ரெண்டுமே இறுக்கிப் புடிக்குது. பிரிச்சு விடுங்களேன்."

ஆவுடையப்பனுக்குச் சுருக்கென்றது. இங்கே ஒருத்தன் பிழைப்பு போகுதேன்னு நிக்கிறான், இந்தம்மாவுக்கு ரவிக்கை கேக்குதா!

ஆனாலும் தொழில்காரன் கை சும்மா இருக்குமா? நீல ரவிக்கையை வாங்கி உள்பக்கம் திருப்பினார்.

பக்கத் தையலுக்கு உள்ளே இரண்டு விரற்கடை அகலத்துக்குத் துணி மடங்கிக் கிடந்தது. அதில் வரிசையாக மூன்று தையல். வேண்டும்போது ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொள்ளலாம்.

"இது எப்போ தைச்சது?" என்று எட்டிப் பார்த்தாள் மெய்யம்மை.

"கடை திறந்த வருஷம்."

"அப்போ வியாபாரம் நல்லா இருந்துச்சோ?"

"அட நீங்க வேற! அந்த வருஷந்தான் படுமோசம். அவங்க பாஷையில ஓரெழுத்து தெரியாது. தெருத்தெருவா நோட்டீஸ் குடுக்கப் போயி, பனியில வழுக்கி விழுந்து ரெண்டு வாரம் நொண்டிக்கிட்டுத் திரிஞ்சேன்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அவர் சிரித்து எத்தனை நாளாயிற்று!

"அவ்வளவு மோசமான வருஷத்துல எதுக்கு மாஸ்டர் இத்தனை துணி உள்ளே விட்டீங்க?"

"நல்லா கேட்டீங்க போங்க. நாளைக்கு உடம்பு போடும், தூக்கிக்கிட்டு வருவீங்க. அப்போ பிரிச்சுவிடத் துணிக்கு எங்கே போறது?"

"ஓகோ," என்றாள் அவள். "சரி, சிவப்பைப் பாருங்க."

சிவப்பு ரவிக்கையைத் திருப்பினார். தையலை ஒட்டியே வெட்டி, ஓரம் பிரியாமல் ஓவர்லாக் தையல் போட்டிருந்தது. பிரிக்க ஒரு நூல் அகலம்கூட இல்லை.

"இதுல துணி இல்லையே தாயி."

"எங்கே போச்சு?"

"நான்தான் வெட்டிட்டேன்."

"எப்போ?"

"போன தை மாசம். இப்போ எல்லாருக்கும் இப்படித்தான் தைக்கிறேன். இங்க யாரு தாயி திரும்பக் கொண்டு வர்றா? சேரலைன்னா தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குறாங்க. நம்ம ஆளுங்களும் ரெண்டு வருஷம் வேலை பார்த்துட்டு வேற ஊருக்குப் போயிடுறாங்க. திரும்ப வராத ஆளுக்கு உள்ளே துணி விட்டு என்ன…"



நீலத்தைப் பார்த்தார். சிவப்பைப் பார்த்தார். மறுபடியும் நீலத்தைத் தடவிப் பார்த்தார்.

மெய்யம்மை அடுப்பில் பாலை வைத்தாள்.

"காப்பி சாப்பிடுறீங்களா மாஸ்டர்?"

அவர் அதற்குள் வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். தான் வந்தது பூட்ஸ் போட்டுக்கொண்டு என்று பிறகுதான் நினைவு வந்து, அதைத் தேடி மாட்டிக்கொண்டு ஓடினார்.

சாயங்காலம் அவர் மனைவி கோமதி கடைக்கு வந்தாள். மறுநாள் சாவியைக் கொடுக்க வேண்டுமே, சாமான்களைக் கட்டிவைக்கலாம் என்று அட்டைப்பெட்டிகளோடு வந்தாள்.

பட்டுப்பாவாடை தைத்து முடிந்திருந்தது. கோமதி அதை விரித்துப் பார்த்தாள். ஜரிகைக்கு மேலே அடுக்கடுக்காக மூன்று டக். பிள்ளை வளர வளர, வருஷத்துக்கு ஒன்றாகப் பிரித்து நீளத்தை இறக்கிவிடுகிற மடிப்பு.

"என்னங்க இது? நாளைக்குச் சாவி குடுக்கிறோம்னு சொல்லிட்டு மூணு டக் புடிச்சு வெச்சிருக்கீங்க? மூணு வருஷத்துக்கு இதை யாரு பிரிச்சு விடுறது?"

ஆவுடையப்பன் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"வருஷா வருஷம் இங்கே கொண்டு வரச் சொல்லு," என்றார்.