இடம் போட்ட ஆய்வேடு

“மூணுல எது மேடம் சரி?” என்று கேட்டார் சிஷ்யர்.

“இந்த வாரத்துல இது பதினோராவது தடவை சார்,” என்றார் குரு.

சிஷ்யர் அனவரதத்துக்கு வயது ஐம்பத்தெட்டு. குரு சங்கரகோமதிக்கு நாற்பத்தொன்று. ஒரு காலத்தில் அவர் பொருளாதாரம் நடத்த, இந்த அம்மாள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கொட்டாவி விட்டவர். இப்போது அவருடைய முனைவர் பட்டத்துக்கு இவர்தான் வழிகாட்டி. அதனால் அவர் இவரை மேடம் என்கிறார், இவர் அவரைப் பழைய வழக்கப்படி சார் என்கிறார்.

அந்தக் காலத்துச் சிஷ்யன் விறகு வெட்டினான், தண்ணீர் சுமந்தான். கேள்வியை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு பன்னிரண்டு வருஷம் காத்திருந்தான். இந்தச் சிஷ்யர் ஒன்பது வருஷமாகப் போன் போட்டுக்கொண்டிருந்தார்.

ஆய்வின் தலைப்பு, இன்றைய சமூகத்தை விளக்கும் மூன்று கோட்பாடுகள்.

முதல் கோட்பாடு: மனிதன் தனக்கு என்ன லாபம் என்று பார்த்துத்தான் எதையும் செய்கிறான்.

இரண்டாவது: இருப்பவன் எடுத்துக்கொள்கிறான், இல்லாதவன் நிற்கிறான்.

மூன்றாவது: லாபமும் இல்லை, மண்ணும் இல்லை. எல்லாம் வழக்கம். ஊர் செய்வதை நாமும் செய்கிறோம்.

நூற்றுப் பன்னிரண்டு பேரைப் பேட்டி கண்டு, முந்நூற்று நாற்பது பக்கம் எழுதியாயிற்று. முடிவுரை மட்டும் வெறும் தாளாக இருந்தது. அங்கேதான் மூன்றில் எது சரி என்று சொல்ல வேண்டும்.

“ஒண்ணை வச்சுப் பாத்தா அதுதான் சரியாத் தோணுது. அடுத்ததை எடுத்தா அதுவும் சரியா இருக்கு. நான் என்ன செய்ய?”

“சார், இன்னைக்குக் கடைசி நாள். அஞ்சு மணிக்குள்ள குடுக்கலைன்னா உங்க பதிவு போயிரும். ஒம்பது வருஷமும் போயிரும். ஏதாவது ஒண்ணை எழுதித் தொலைங்க.”

“ஏதாவது ஒண்ணையா? மனசாட்சின்னு ஒண்ணு இருக்கே மேடம்.”

குரு கண்ணை மூடிக்கொண்டார். தியானம் இல்லை. எரிச்சல்.

தனியே விட்டால் இந்த மனுஷன் போய்ச் சேரமாட்டார் என்று தெரிந்து, குருவே கூட்டிக்கொண்டு சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். திருநெல்வேலிக்கு ஒன்றரை மணி நேரம். பஸ்ஸில் உட்கார்ந்து அந்த ஒரு பக்கத்தை எழுதிவிட்டால், பல்கலைக்கழக வாசலிலேயே டைப் அடித்து பைண்டு செய்து கொடுத்துவிடலாம்.

பஸ் வந்தது. நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டுகளும் பைகளும் உள்ளே பறந்தன. உள்ளே விழுந்த இடம் அவரவர் இடம்.

சிஷ்யர் பார்த்துக்கொண்டே நின்றார். “கவனிச்சீங்களா மேடம்? பட்டா இல்லை, பத்திரம் இல்லை. ஒரு துண்டு விழுந்தா அது சொத்து. இதை முதல் கோட்பாட்டுல...”

“துண்டு இருக்கா?”

“இல்லை.”

“கையில இருக்குறதைப் போடுங்க.”

“இது தீசிஸ் மேடம்.”

“இடம் கிடைக்காட்டி இது வெறும் பேப்பரு. போடுங்க சார்.”

சிஷ்யர் கண்ணை இறுக மூடிக்கொண்டு தாள்கட்டை ஜன்னலுக்குள் தள்ளினார். உள்ளே தொப்பென்று சத்தம் கேட்டது.

இருவரும் ஏறி, நெருக்கியடித்துப் போய்ச் சேர்வதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. கூட்டம் பிதுங்கியது. ஆனாலும் அந்த ஓர் இடம் மட்டும் காலியாக இருந்தது. ஆய்வேடு நடுவாக, சப்பணம் போட்டாற்போல் கிடந்தது.

பக்கத்தில் ஒரு பெண் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தார். வலது காலில் கணுக்கால்வரை கட்டு. கையில் எக்ஸ்ரே கவர்.

சிஷ்யருக்கு முகம் மலர்ந்தது. பேனாவை எடுத்தார்.

“ஏம்மா, இடம் காலியாத்தான இருக்கு? நீங்க ஏன் உக்காரலை?”

“யாரோ இடம் போட்டுருக்காவல்லா அண்ணாச்சி.”

“போட்டது யாருன்னு தெரியுமா?”

“யாரா இருந்தா என்ன? வந்துருவாவ.”

சிஷ்யர் குருவின் பக்கம் திரும்பினார்.

“பாருங்க மேடம். இன்னைக்கு இவங்க மத்தவன் துண்டை மதிச்சாத்தான் நாளைக்கு இவங்க துண்டை மத்தவன் மதிப்பான். லாபம். முதல் கோட்பாடு.”

“சரி.”

“முண்டியடிச்சு எறிய முடிஞ்சவனுக்கு இடம். கால்ல கட்டுப் போட்டவங்க எப்படி எறிவாங்க? ரெண்டாவது கோட்பாடு.”

“சரி.”

“யாரும் சட்டம் போடலை, போலீஸ் இல்லை. இருந்தாலும் ஒருத்தரும் தொடலை. வழக்கம். மூணாவது. மூணுமே பொருந்துது மேடம். ஒரே சீட்டுல.”

“எல்லாம் சரி சார். அந்தம்மா இன்னும் நிக்காங்க.”

“அதைத்தான சொல்லுதேன். இந்தக் கோட்பாடெல்லாம் இல்லைன்னா, அவங்க ஏன் நிக்காங்கன்னே எனக்குப் புரிஞ்சிருக்காது.”

“புரிஞ்சிட்டுல்லா?”

“புரிஞ்சிட்டு.”

“இன்னும் நிக்காங்க.”

சிஷ்யர் திரும்பிப் பார்த்தார். அந்தப் பெண் கட்டுப்போட்ட காலைத் தரையில் ஊன்றாமல் தூக்கி வைத்திருந்தார். ஒவ்வொரு பிரேக்குக்கும் உதட்டைக் கடித்தார்.

சீட்டில் சிஷ்யருடைய ஒன்பது வருஷம் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது.

மணி மூன்று ஆகியிருந்தது. உட்கார்ந்தால்தான் எழுத முடியும், எழுதினால்தான் பட்டம். இது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் ஆய்வேட்டைத் தூக்கினார். வெட்கமாக இருந்தது.

“உக்காருங்கம்மா. போட்டது நான்தான்.”

“உங்களுக்கு?”

“நான் நிக்கேன்.”

அந்தப் பெண் உட்கார்ந்து காலை நீட்டி, பெருமூச்சு விட்டார். அடுத்த நிமிஷமே கையை நீட்டினார்.

“அதை இங்க குடுங்க அண்ணாச்சி. பேப்பர்க் கட்டையும் பிடிச்சுக்கிட்டு கம்பியையும் எப்படிப் பிடிப்பிய? நான் மடியில வச்சுக்கிடுதேன்.”

சிஷ்யர் கொடுத்தார். காற்றில் தாள் பறக்காமலிருக்க, அந்தப் பெண் அதன்மேல் எக்ஸ்ரே கவரை வைத்து, அதன்மேல் கையையும் வைத்துக்கொண்டார்.

பஸ் பனவடலிசத்திரத்தைத் தாண்டியது.

சிஷ்யர் மெல்லக் கேட்டார். “மேடம், இது எதுல வரும்?”

“எது?”

“இப்ப வாங்கி மடியில வச்சாங்கல்லா, அது. லாபம் இல்லை. மேல இருக்குறவன், கீழ இருக்குறவன் இல்லை. வழக்கம்னு சொல்லலாம். ஆனா வழக்கத்துக்கு வாங்குறவங்க அதுமேல கையை வச்சுப் பாத்துக்கிடுவாங்களா?”

“ஒம்பது வருஷமா வாராவாரம் லைப்ரரிக்கு எதுல போனீங்க?”

“இந்த பஸ்லதான்.”

“எத்தனை நாள் நின்னுக்கிட்டுப் போயிருப்பீங்க?”

“முக்கால்வாசி நாள்.”

“அப்பல்லாம் உங்க பை எங்க இருந்துச்சு?”

“யாராவது ஒருத்தங்க மடியில...” என்றார் சிஷ்யர்.

பிறகு குனிந்தார். “அம்மா, அடியில இருக்குற கடைசித் தாளை மட்டும் உருவித் தாரீங்களா?”

அந்தப் பெண் பத்திரமாக உருவி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“இது வெறுந்தாளால்லா இருக்கு அண்ணாச்சி.”

“ஆமாம்மா. அதுதான் வேணும்.”

குரு தன் கைப்பையைப் படுக்கவைத்து, பலகைபோல இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்தார்.

“சீக்கிரம்,” என்றார்.