எதிர்வீட்டு மணி

"கதவைப் பாத்தாலே பயமா இருக்கு டீச்சர்" என்றான் வயிரவன்.

வகுப்பு முடிந்திருந்தது. மற்றவர்கள் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ரெஜிலா டீச்சர் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எந்தக் கதவு?"

"எங்க வீட்டுக் கதவுதான்."

ரெஜிலா நாகர்கோவில்காரர். தெற்கு ஜெர்மனியின் அந்த ஊருக்குக் கல்லூரியில் படிக்க வந்து அங்கேயே தங்கிவிட்டவர். சனிக்கிழமையும் புதன்கிழமையும் தேவாலயத்தின் பின்புறக் கூடத்தில், புதிதாக வந்த தமிழர்களுக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுத்தார். வயிரவனைவிட வயதில் சின்னவர். ஆனாலும் ஊரில் எல்லாருக்கும் அவர் டீச்சர்.

மொழி கற்க வருகிறவர்கள் பாதி. எந்தக் குப்பையை எந்தத் தொட்டியில் போடுவது, ஞாயிற்றுக்கிழமை மிக்சி ஓட்டலாமா என்று கேட்க வருகிறவர்கள் மீதி. சிலருக்கு அவர் பதில் சொல்வார். சிலரிடம் கேள்வி கேட்டு அனுப்பிவிடுவார்.

வயிரவன் நடந்ததைச் சொன்னான்.

அவனுடைய மகள் தேனம்மை முதன்முதலாகக் குப்புறத் திரும்பிய நாள் அது. ஊரில் என்றால் கொழுக்கட்டை அவித்துத் தெருவுக்கே கொடுத்திருப்பார்கள். இங்கே உமையாள் குழந்தையைக் கட்டிலில் கிடத்தி, ஆரத்தி மட்டும் எடுத்தாள். ஆரத்தித் தண்ணீரை வெளியே கொட்ட வேண்டும். வாசலில் கொட்ட முடியாது, அது எல்லாரும் நடக்கிற தாழ்வாரம். தெருவில் ஒரு மரம் இருக்கிறது, அதன் அடியில் கொட்டலாம் என்று தட்டை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு இறங்கினாள். கட்டடத்தின் கீழ்க்கதவு கனமானது. அவளால் திறக்க முடியாது என்று வயிரவனும் பின்னாலேயே ஓடினான்.

சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. காற்றுக்கு வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது.

அந்த ஊர்க் கதவுகளுக்கு வெளியே கைப்பிடி கிடையாது. வெறும் குமிழ். சாத்தினால் பூட்டியது போலத்தான். சாவி இல்லாமல் யாரும் உள்ளே போக முடியாது. சாவி உள்ளே இருந்தது. அடுப்பில் பால் இருந்தது. கட்டிலில், அன்றைக்குத்தான் குப்புறத் திரும்பக் கற்றுக்கொண்ட குழந்தை இருந்தது.

"அப்புறம்?"

"தெருவுக்கு ஓடினேன் டீச்சர். சைக்கிள்ல போன ஒருத்தரை மறிச்சு, அழுது, அவர் போன் பண்ணி, பூட்டுத் திறக்கிறவன் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆச்சு."

முதல் கால் மணி நேரம் குழந்தை அழுத சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. உமையாள் கதவில் காதை வைத்தபடி நின்றிருந்தாள்.

கதவு திறந்தபோது வீடெல்லாம் புகை. பால் கருகி, பாத்திரம் அடுப்போடு ஒட்டியிருந்தது. குழந்தை ஒரு தலையணைக்கும் சுவருக்கும் நடுவில், அழுது களைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. ஒன்றும் ஆகவில்லை.

ஒன்றும் ஆகவில்லை என்று அவன்தான் சொல்லிக்கொண்டிருக்கிறான். உமையாள் சொல்லவில்லை. அவள் இப்போது குளியலறைக் கதவைக்கூடச் சாத்துவதில்லை. வீட்டுச் சாவியை ஊக்கில் கோத்துத் தாலியில் மாட்டியிருக்கிறாள். அவளுடைய அப்பா காரைக்குடியிலிருந்து டிக்கெட் எடுத்துவிட்டார். வரும் வெள்ளிக்கிழமை குழந்தையோடு கிளம்புகிறாள்.

"திரும்பி வருவாங்களா?"

"நீங்க ஊருக்கு வரும்போது வந்து பாத்துக்கோங்கன்னு சொல்றா."

அவனுடைய பாட்டனார் பர்மாவில் இருந்தார். பெரியப்பா மலேயாவில் இருந்தார். அவர்கள் பெண்டாட்டிகள் காரைக்குடியில் இருந்தார்கள். பிள்ளைகள் அப்பாவைப் புகைப்படத்தில் பார்த்து வளர்ந்தார்கள். தன் காலத்தில் அது வேண்டாம் என்றுதான் வயிரவன் கல்யாணமான கையோடு உமையாளை அழைத்து வந்திருந்தான்.

"இந்த ஊர்ல பயமில்லாம இருக்க என்ன பண்ணணும் டீச்சர்? நீங்க சொன்னா அவ கேப்பா."

ரெஜிலா பலகையைத் துடைத்து முடித்தார்.

"அன்னைக்கு நீங்க யாரைக் கூப்பிட்டிருக்கலாம்?"

தேவகோட்டைக்காரர் ஒருவர் இருக்கிறார் என்றான். இரண்டு ரயில் மாறி வரவேண்டும். அலுவலகத்தில் ஒரு நண்பர் இருக்கிறார். அவர் ஊரின் மறுகோடியில். வாட்ஸ்அப்பில் தமிழர் குழு இருக்கிறது, அதில் போட்டால் நிமிடத்தில் ஐம்பது பேர் பதில் போடுவார்கள்.

"போன் எங்க இருந்துச்சு?"

"உள்ள."

டீச்சர் சிரிக்கவில்லை.

"எதிர்வீட்டு மணியை அடிச்சீங்களா அண்ணே?"



எதிர்வீட்டில் லிண்ட்னர் என்று ஒரு அம்மா இருந்தார். ஒல்லியாக, உயரமாக, தனியாக. குடிவந்த புதிதில் இவர்கள் செருப்பை வாசலில் விட்டிருந்தார்கள். அந்த அம்மா செருப்பைக் காட்டி இரண்டு வார்த்தை சொன்னார். என்ன சொன்னார் என்று புரியவில்லை. முகம் புரிந்தது. அன்றிலிருந்து வயிரவனும் உமையாளும் கதவின் துவாரம் வழியாகப் பார்த்து, தாழ்வாரத்தில் யாரும் இல்லை என்று தெரிந்த பிறகே வெளியே வருவார்கள். தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து வைப்பதும் அந்த அம்மாவுக்குப் பயந்துதான்.

"அடிக்கல" என்றான்.

"உங்களுக்கும் அந்த மணிக்கும் எவ்வளவு தூரம்?"

"நாலு எட்டு இருக்கும்."

ரெஜிலா விளக்கை அணைத்தார்.

அவன் வீடு திரும்பும்போது ஒரு முடிவோடு திரும்பினான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஊரிலிருந்து வந்த மாவுருண்டையும் முறுக்கும் மிச்சம் இருந்தன. ஒரு டப்பாவில் அடுக்கி எடுத்துக்கொண்டு எதிர்வீட்டு மணியை அடித்தான். கதவு திறந்தது. மனப்பாடம் செய்திருந்த வாக்கியத்தைச் சொன்னான். அந்த அம்மா நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். கதவு மூடியது.

செவ்வாய்க்கிழமை அவன் வீட்டுக் குமிழில் ஒரு பை தொங்கியது. உள்ளே அதே டப்பா, கழுவித் துடைத்து. டப்பாவுக்குள் சாக்லேட். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்ற பழக்கம் அவர்களுக்கும் உண்டு போலிருக்கிறது.

புதன்கிழமை வகுப்பு முடிந்ததும் வயிரவன் டீச்சரிடம் சந்தோஷமாகச் சொன்னான்.

"எதிர்வீட்டுக்காரங்களோட பழகிட்டேன்."

"அவங்க எப்படி இருக்காங்க?"

"தெரியல."

"உமையாள் என்ன சொல்றாங்க?"

"பெட்டி கட்டிட்டா."

ரெஜிலா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நம்ம ஆளுங்க எல்லாரும் இதைத்தான் செய்றாங்க அண்ணே. தீபாவளிக்கு ஒரு டப்பா, பொங்கலுக்கு ஒரு டப்பா. கொடுத்துட்டு ஓடி வந்துருவாங்க. அவங்களும் ஒரு டப்பா கொடுத்துருவாங்க. சரிக்குச் சரி. அப்புறம் ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்ல."

"வேற என்ன செய்யணும்?"

டீச்சர் வலது கையை அவன் முன்னால் நீட்டினார். உள்ளங்கை மேலே பார்த்தபடி இருந்தது.

பலகையில் எழுதும் பேனாவைக் கேட்கிறார் என்று நினைத்தான். மேசையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அவர் அதை வாங்கி மேசையிலேயே வைத்துவிட்டு மறுபடி கையை நீட்டினார். வெறும் கை.

அவனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"கேக்கணுமா? போயும் போயும் அந்த அம்மாகிட்டயா?"



தான் யாரிடமும் போய் நின்று பழக்கமில்லை என்றான். தன் வீட்டில் கொடுத்துத்தான் பழக்கம் என்றான். செருப்புக்கே அப்படிப் பார்த்தவர் இதற்கு என்ன சொல்வாரோ என்றான். ரெஜிலா நீட்டிய கையை மடக்காமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சரி, மறுபடி கதவு சாத்திக்கிட்டா திறக்க, ஒரு சாவியை அவங்களை வச்சுக்கச் சொல்லிக் கேக்கறேன். ஜெர்மன்ல அதை எப்படிச் சொல்றது? எழுதிக் கொடுங்க, மனப்பாடம் பண்ணிக்கறேன்."

"வேணாம். உங்களுக்குத் தெரிஞ்ச ஜெர்மன்ல கேளுங்க."

"தப்புத் தப்பா வரும்."

"வரட்டும்" என்று சொல்லிவிட்டு டீச்சர் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

வீட்டுக்குச் சாவிகள் மூன்று. ஒன்று அவனிடம். ஒன்று உமையாளின் தாலியில். மூன்றாவது, அவசரத்துக்கு வேண்டும் என்று சமையலறை இழுப்பறையில் பத்திரமாக இருந்தது. அன்றைக்கும் அங்கேதான் இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் அவன் அதை எடுத்தபோது உமையாள் கேட்டாள், எதற்கு என்று. சொன்னான்.

"யாருன்னே தெரியாதவங்க கையில வீட்டுச் சாவியா? நகை இருக்கு. நாளைக்கு நான் போயிட்டா நீங்க பகல் பூரா ஆபீஸ்ல இருப்பீங்க."

"நாளைக்கு நீ போயிட்டா வீட்ல என்ன இருக்கு?"

அவள் குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். கூடத்தில் இரண்டு பெட்டிகள் நிமிர்ந்து நின்றன.

"அந்த அம்மா மூஞ்சியில அடிச்ச மாதிரி ஏதாவது சொன்னாங்கன்னா?"

"சொன்னாங்கன்னா கேட்டுட்டு வரேன்."

"எனக்கு அதில்ல. இந்த ஊர்ல நாம செத்துக் கிடந்தாலும் யாருக்கும் தெரியாது. அதுக்குச் சாவி என்ன பண்ணும்?" என்றாள்.

அவன் கதவைத் திறந்தான். துவாரத்தில் பார்க்க மறந்துவிட்டான். உமையாள் பின்னாலேயே வந்து, கதவு சாத்திக்கொள்ளாதபடி அதில் சாய்ந்து நின்றாள். வெளியே வரவில்லை.

அவன் மணியை அடித்தான்.

லிண்ட்னர் அம்மா திறந்தார். முதலில் அவன் கையைப் பார்த்தார். டப்பா இல்லை. முகத்தைப் பார்த்தார்.

வயிரவன் கற்றிருந்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. சாவியைத் தூக்கிக் காட்டினான்.

"எங்க சாவி. உங்க வீடு. தயவுசெய்து" என்றான். அவனுக்குத் தெரிந்த ஜெர்மன் அவ்வளவுதான். பிறகு தன் வீட்டுக் கதவைக் காட்டினான். குழந்தையைக் காட்டினான். கதவு சாத்திக்கொள்வதைக் கையால் செய்து காட்டினான். "குழந்தை உள்ளே. நாங்க வெளியே. பயம்."

கடைசி வார்த்தையைச் சொன்ன பிறகுதான், அதை இந்த ஊரில் யாரிடமும் அதுவரை சொன்னதில்லை என்பது அவனுக்குத் தெரிந்தது.

அந்த அம்மா சாவியை வாங்கவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல, சொல் சொல்லாகப் பேசினார். வயிரவனுக்குப் பாதி புரிந்தது. புரிந்த பாதியே போதுமானதாக இருந்தது.

அன்றைக்கு அவர் வீட்டில்தான் இருந்திருக்கிறார். குழந்தை அழுதது கேட்டிருக்கிறது. துவாரம் வழியாக உமையாள் கதவில் சாய்ந்து அழுவதையும் பார்த்திருக்கிறார். கணவன் மனைவி சண்டையோ, வெளியே வந்தால் தப்பாக நினைப்பார்களோ என்று கதவுக்குப் பின்னாலேயே நின்றிருக்கிறார்.

"நீங்க மணி அடிக்கல" என்றார்.

"இல்ல" என்றான் வயிரவன்.

"நானும் திறக்கல."

அதன் பிறகு கையை நீட்டி, சாவியை வாங்கிக்கொண்டார். கொஞ்சம் இருங்கள் என்று சைகை காட்டிவிட்டு உள்ளே போனார். நடை ஒரு பக்கமாக இழுத்தது. வயிரவன் அதை இதற்கு முன்னால் கவனித்ததில்லை. துவாரத்தில் பார்க்கிறவர்கள் ஆள் இருக்கிறாரா என்றுதான் பார்க்கிறார்கள்.

அவர் திரும்பி வந்தபோது கையில் வேறு ஒரு சாவி இருந்தது. போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்ததையும், இடுப்பைப் பிடித்துக்கொண்டு மறுநாள் வரை தரையில் கிடந்ததையும் சொன்னார். சுவரைத் தட்டினாராம். தட்டினால் புதிதாக வந்தவர்கள் பயந்துவிடுவார்களோ என்று நிறுத்திக்கொண்டாராம். அவருடைய மகன் ஆஸ்திரேலியாவில் இருக்கிறான்.

சாவியை அவன் உள்ளங்கையில் வைத்தார். வைத்த கையை எடுக்காமல் ஒன்று கேட்டார்.

கேள்வி வயிரவனுக்குப் புரிந்திருந்தது.

"என்ன கேக்கறாங்க?" என்றாள் உமையாள் பின்னாலிருந்து.

அவன் திரும்பினான். அவள் தோளுக்கு மேலே கூடத்தில் பெட்டிகள் தெரிந்தன.

"இதை வச்சுக்கிட்டா நீங்க இங்க இருப்பீங்களான்னு கேக்கறாங்க."

உமையாள் அந்த அம்மாவைப் பார்த்தாள். வயிரவனின் உள்ளங்கையிலிருந்து இன்னும் எடுக்காத அவர் கையைப் பார்த்தாள்.

"இருப்போம்னு சொல்லுங்க" என்றாள்.