ஆவணியில் ஒரு முகூர்த்தம்

உலகநாதன் அண்ணாச்சியின் டிபன் கடைக்கு விடிந்ததுமே ஆட்கள் வந்துவிடுவார்கள். அன்றைக்கு அவருடைய ஆசானும் வந்திருந்தாள்.

ஆசான் பெயர் பேச்சித்தாய். தாமிரபரணிக் கரையில் சிலம்பம் சொல்லித் தருகிறவள். அண்ணாச்சிக்கு மகள் வயதுதான். அதனால் என்ன, கம்பைப் பிடித்துவிட்டால் சிஷ்யன் சிஷ்யன்தானே.

அண்ணாச்சியின் காலில் வந்த புண் ஆறாமல் இழுத்தடித்தபோது டாக்டர் சொல்லிவிட்டார், சர்க்கரையை அடக்காவிட்டால் அடுத்த புண்ணுக்குக் காலையே எடுக்க வேண்டிவரும் என்று. அந்தப் பயத்தில்தான் அவளுடைய சிலம்பக் களத்துக்குப் போனார். சாயங்காலம் கம்பு சுற்ற வேண்டும், ராத்திரி செல்போனைத் தூக்கி வைத்துவிட்டு நேரத்தோடு படுக்க வேண்டும். ஆசான் கேட்டது அவ்வளவுதான்.

விஜயதசமியன்று தட்சணை வைத்துத் தொடங்கினார். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் போனது. பிறகு ஒரு கல்யாண ஆர்டரில் ராத்திரித் தூக்கம் போனது, மறுநாள் களமும் போனது. சரி, தடங்கல் ஆகிவிட்டது, தைப்பூசத்தில் புதுசாகத் தொடங்குவோம் என்று இருந்துவிட்டார். தைப்பூசத்தில் தொடங்கியது ஒரு காய்ச்சலில் நின்றது. சித்திரை ஒன்றுக்கும் அதே கதி. நடுவில் இருந்த நாளெல்லாம் கம்புதான் கடை மூலையில் நிம்மதியாகத் தூங்கியது. அண்ணாச்சி தூங்கவில்லை.

"ஆசான், ஒரு வார்த்தை," என்றார். "ஆனி முடியப்போகுது. ஆடியில எதையும் தொடங்கக் கூடாது. ஆவணியில ஒரு நல்ல முகூர்த்தமாப் பார்த்துச் சொல்லுங்க. இந்தத் தடவை விடவே மாட்டேன்."

"கால் எப்படி இருக்கு?"

"மரத்து மரத்துப் போகுது. படுத்தா அதே நெனப்புதான். பயமா இருக்கு ஆசான்."

அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். அன்றைய முதல் தோசையை அவளே ஊற்றினாள். அது கல்லோடு ஒட்டிக்கொண்டது. திருப்பப் போனால் கந்தலாகக் கிழிந்தது.

ஆசான் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தாள்.

"எல்லாரும் எந்திரிங்க. தோசை பிஞ்சிட்டு. இனி ஆவணியில நல்ல நாள் பார்த்துத்தான் கல்லைப் போடணும்."

இலை முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்ன ஆசான் இது," என்று அண்ணாச்சி ஓடிவந்தார். "மொத தோசை ஒட்டத்தான் செய்யும். அதுக்காகக் கடையைச் சாத்துவாங்களா?"

"பின்னே என்ன செய்வாங்க?"

"சுரண்டிப் போட்டுட்டு, வெங்காயத்தை எண்ணெயில தொட்டு ஒரு தேய் தேய்ச்சு, அடுத்ததை ஊத்துவாங்க." வாய் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அடுப்படிக்குப் போய், அடுப்பைப் பற்றவைத்து, கை அதைச் செய்தது. தோசை ஓரம் சிவந்து, அலுங்காமல் எழும்பி வந்தது.

"இதுக்கு யார்கிட்ட நாள் பார்த்தீங்க, அண்ணாச்சி?"

அவர் தோசைத் திருப்பியும் கையுமாக நின்றார். மூலையில் கிடந்த கம்பைப் பார்த்தார்.

"இன்னைக்கு அஷ்டமியாச்சே, ஆசான்."

அவள் அந்தத் தோசையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள்.

"நாளைக்கு நவமி. நாளைக்கும் வாங்க."