சாயங்காலக் கை

நீலகிரியில் ஓர் ஓடைக்கரை. அங்கே மாதி என்பவள் ஈத்தூண்டில் வீசக் கற்றுக்கொடுத்து வந்தாள். இறகையும் நூலையும் கொக்கியில் சுற்றி ஈ போலக் கட்டி, அதைத் தண்ணீர்மேல் வீசி ட்ரவுட் மீனை ஏமாற்றும் வித்தை அது.

ஒரு நாள் கோயம்புத்தூரிலிருந்து சென்னியப்பன் வந்தார். குருவுக்கு நாற்பது வயது, சீடருக்கு அறுபத்தைந்து. பக்கவாதத்தில் படுத்துவிட்ட மனைவி சரசுவை வேறு யாரையும் தொடவிடாமல் தானே வருடக்கணக்காகப் பார்த்துக்கொள்கிறவர். "ஒரு நாளாவது எங்கயாச்சும் போயிட்டு வாங்கப்பா" என்று மகள்தான் அம்மாவுடன் இருந்துகொண்டு அவரைப் பஸ் ஏற்றிவிட்டிருந்தாள். கூடவே ஒரு கேள்வியும் கேட்டிருந்தாள். பகலில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸை வைக்கலாமா? திரும்பி வரும்போது பதில் வேண்டும்.

மாதியின் குடிசைச் சுவரில் சில தூண்டில் கம்புகள் சாய்ந்திருந்தன.

"புதுசாப் படிக்கறவன் எதை எடுக்கோணுங்க அம்மணி?"

"சாயங்காலம் சொல்றேங்க."

"அதுவரைக்கும் வெறுங்கையிலயா வீசறது?"

"அப்போ உங்களுக்குப் பிடிச்சதை எடுங்க."

விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பதெல்லாம் ஆசை வந்த நேரத்தில் யாருக்கு ஞாபகம் இருக்கிறது? அவர் இருப்பதிலேயே நீளமான, கனமான கம்பை எடுத்தார்.

"இது பெரிய அணையில வீசறதுங்க. ஓடைக்கு வேண்டாம்."

"தாங்குவேன் அம்மணி. தெனமும் ஒரு ஆளையே தூக்கிட்டிருக்கறவன் நானு."

இப்படித் தாங்குகிறவர்களைப் பார்த்துப் பார்த்து மாதிக்கே அலுத்துப்போயிருந்தது.

காலையில் கம்பு அவர் சொன்னபடி கேட்டது. மதியத்துக்கு மேல் கயிறு புல்லில் சிக்கியது. பிறகு அவர் தொப்பியில் சிக்கியது. மாதி வேறு கம்பை நீட்டினாள். வேண்டாமென்று தலையை ஆட்டினார். வீம்பு.

வெயில் தாழ்ந்ததும் தண்ணீர்மேல் ஈக்கள் இறங்கின. காலையிலிருந்து செத்துக் கிடந்த மடுவில் மீன்கள் மேலே வர ஆரம்பித்தன. ஒன்று அவருக்கு வெகு பக்கத்தில் வந்தது.

சென்னியப்பன் கம்பைத் தூக்கினார். கை பாதியில் நின்றது. மறுபடி தூக்கினார். தோள் ஏறவில்லை. கம்பின் நுனி தொப்பென்று தண்ணீரில் விழுந்தது. மீன் போய்விட்டது.

அவர் பாறையில் உட்கார்ந்து அழுதார். ஒரு மீன் போனதற்கு யாரும் அப்படி அழமாட்டார்கள்.

"சரசுவுக்குச் சாயங்காலம் மட்டுந்தானுங்க கொஞ்சம் பேச்சு வரும்," என்றார். "குளிக்க வெச்சு, ஊட்டி, துணி தொவச்சு, அதுக்குள்ள நான் ஓஞ்சு போயிடறேன். நேத்து என்னமோ சொல்ல வந்தா. சும்மா கெடன்னு கத்திப்போட்டேன். அப்புறம் அவ வாயே தொறக்கலைங்க."

மாதி அவர் கையிலிருந்த கம்பை வாங்கித் துடைத்து உறையில் போட்டாள். இருப்பதிலேயே சின்னக் கம்பை எடுத்து அவர் விரல்களுக்குள் வைத்தாள். அந்த ஓய்ந்த கையிலும் அது எழுந்தது. கயிறு மெல்லப் போய் மடுவில் விழுந்தது. மீன் எதுவும் கடிக்கவில்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை.

"இதைக் காலைலயே குடுத்திருக்கலாமே, டீச்சர்."

"காலைல உங்க கை ஒத்துக்கிட்டிருக்காதுங்க."

அவர் சின்னக் கம்பை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு ஓடையைப் பார்த்தபடியே கேட்டார்.

"நானே பாத்துக்கறேன், ஒருத்தரும் அவளைத் தொடக்கூடாதுன்னு சொன்னவன் நான். இப்ப இன்னொரு ஆள்கிட்ட விட்டா, அவளைக் கைவிட்ட மாதிரி ஆகாதுங்களா?"

மடுவில் இன்னொரு மீன் எழும்பியது. மாதி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மீன் சாயங்காலந்தானுங்க வருது. அப்போ கையில கொஞ்சம் தெம்பு மிச்சம் வேணுங்க."