குன்றி இலையின் விலை

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவின் தொண்டைக்கு நூறு கழஞ்சு பொன் என்று விலை வைத்தார்கள். வைத்தவர் அந்த ராஜாவேதான்.

அவருக்கு விடாத இருமல். நிறுத்துகிறவனுக்கு நூறு கழஞ்சு என்று பறையறைவித்தார். ஆனால் தம் நிழலையே 'யாரடா பின்னால்?' என்று கேட்கிற சுபாவம் அவருக்கு. மருந்தோடு வந்த வைத்தியர்களிடம், "முதலில் நீர் குடியும். மூன்று நாள் உயிரோடிருந்தால் நான் குடிக்கிறேன்" என்பார். மூன்று நாளில் மருந்து புளித்துவிடும். வைத்தியர்கள் அதற்கு முன்பே ஊரைவிட்டுப் போயிருப்பார்கள்.

அரண்மனையில் விகடம் பேசிப் பிழைத்த சடையாண்டி, வேலியில் படர்ந்த குன்றிக் கொடியிலிருந்து ஒரு பிடி இலை பறித்து வந்து இரண்டு பங்காக வைத்தான். ராஜா தம் பக்கம் இருந்ததை விட்டு மற்றதை எடுத்தார். யோசித்து, மறுபடி மாற்றினார். இருவரும் மென்றார்கள்.

"அடேய், கற்கண்டு தடவினாயா?"

"கற்கண்டு வாங்க எனக்கு ஏது காசு, மகாராஜா? இலையின் இனிப்பே அதுதான்."

மாலைக்குள் இருமல் அடங்கியது. "பொன்னை நிறுத்துக் கொடும்" என்றார் ராஜா.

நிறுக்க வேண்டியவர் பொக்கிஷதாரர் பேரம்பலம். பெட்டியிலிருந்து பொன் வெளியே போனால் அவருக்குப் பல்லைப் பிடுங்கியது மாதிரி. ராஜாவின் காதோரம் குனிந்தார்.

"அது குன்றிக் கொடி, பிரபு. அதன் மணியை அரைத்துக் கொடுத்தால் மாடே சாகும். காய் விஷமென்றால் இலை மட்டும் அமிர்தமா? இன்று இனிப்பைக் காட்டுகிறான். நாளைக்கு?"

ராஜா தொண்டையைப் பிடித்துக்கொண்டார். "அவனும் தின்றானே?"

"முறிமருந்தை முன்கூட்டியே விழுங்கியிருப்பான்."

இது போதாதா? ராஜா எழுந்து நின்றார். "சடையாண்டி! குன்றிக் கொடியில் விளைந்த எதுவும் பொழுது சாய்வதற்குள் என் கோட்டைக்குள் இருக்கக் கூடாது. நீயே அகற்ற வேண்டும். ஒரு மணி மிஞ்சினாலும் உன் தலை போகும். மறைத்து வைத்திருப்பவன் தலையும் போகும்!"

கோட்டை மதில் முழுக்கக் குன்றி. வெடித்த காய்களிலிருந்து மணிகள் எங்கெங்கோ சிதறிக் கிடந்தன. ஓர் ஆயுள் பொறுக்கினாலும் தீராது. பேரம்பலம் மீசையைத் தடவினார்.

சடையாண்டி வேலிப்பக்கமே போகவில்லை. நான்கு காவலர்களோடு நேரே பொக்கிஷ அறைக்குள் நுழைந்தான். தராசையும், அதனருகே இருந்த இரண்டு சிமிழ்களையும், கூடவே பேரம்பலத்தையும் சபைக்குக் கொண்டுவந்தான். சிமிழ்கள் நிறைய, பொன் நிறுக்கும் குன்றிமணிகள்.

"இது எடைக்கல்லடா, மூடா!" என்று கத்தினார் பேரம்பலம்.

"வானத்திலிருந்து விழுந்ததா ஐயா? அந்தக் கொடியில் விளைந்ததுதானே? உத்தரவு 'எதுவும்' என்கிறது. நான் முடிந்தவரை அகற்றுகிறேன். வைத்திருந்தவர் தலையை என்ன செய்வது என்று மகாராஜா சொல்லட்டும்."

ராஜாவின் பார்வை பேரம்பலத்தின் மேல் இறங்கியது. "ஓய், என் பொன்னையெல்லாம் விஷத்தால்தான் நிறுத்தீரா?"

பேரம்பலம் காலில் விழுந்தார். "தொட்டால் ஒன்றும் ஆகாது, பிரபு! முப்பது வருஷமாகத் தொடுகிறேன். உடைத்துத் தின்றால்தான் ஆபத்து. இலையோ... இலையைச் சின்னப்பிள்ளைகள்கூட மெல்லும், நானே மென்றிருக்கிறேன்!"

தாம் சொன்னது தம் காதிலேயே விழுந்ததும் பேரம்பலம் வாயைப் பொத்திக்கொண்டார்.

ராஜாவின் சந்தேகம் அதோடு நிற்குமா? "சரி, சிமிழ் ஏன் இரண்டு?"

"அதை நான் சொல்வதைவிடத் தராசு சொல்லட்டும்" என்று சடையாண்டி இரண்டு தட்டிலும் சிமிழுக்கு முப்பது மணி வைத்தான். ஒரு தட்டு தரையைத் தொட்டது. "பருத்தவை பொன்னை வாங்கும்போது. சிறுத்தவை கொடுக்கும்போது."

"இது உனக்கு எத்தனை நாளாகத் தெரியும்?"

"முதல் சம்பளம் வாங்கிய நாளிலிருந்து."

"பிறகு ஏன் சொல்லவில்லை?"

"கேட்காமல் சொன்னால், 'இவனுக்கு இதில் என்ன லாபம்?' என்று மகாராஜா என்னையல்லவா சந்தேகப்படுவீர்கள்?"

ராஜா ஒரு கணம் முறைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். உத்தரவு ரத்தானது. பேரம்பலம் சிறைக்குப் போனார். நூறு கழஞ்சும் பருத்த மணியால் நிறுக்கப்பட்டது.

ஆகச் சடையாண்டிக்கு வரவு: நூறு கழஞ்சு பொன், ஒரு தலை. பாக்கி: சிறுத்த மணியால் நிறுத்த ஏழு வருஷச் சம்பளத்தின் குறை எடை. அது இன்னும் வந்து சேரவில்லை.